பனடோலுக்கு அடங்காத வலி

சிங்கப்பூரில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் மருந்துப் பெட்டியில் இரண்டு பொருள்கள் இருக்கும்: ஒரு தைலப் புட்டி, பனடோல் என்ற பாராசிட்டமால் மாத்திரை அட்டை ஒன்று. தலைவலி, பல்வலி, மூட்டுவலி, முதுகுவலி என்று எது வந்தாலும் முதல் வைத்தியம் அதுதான். சில வலிகள் இதற்கு அடங்கிவிடும். சில வலிகளோ அட்டையே காலியானாலும் அசைந்துகொடுக்காது. ‘எனக்கு மட்டும் மருந்து ஏன் கேட்க மாட்டேங்குது?’ என்று நொந்துகொள்கிறவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் எளிது. அந்த வலி வேறு வகை; அதற்கு மருந்தும் வேறு.

மருத்துவமனையில் தாதி வந்து கேட்பது, “பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?” என்று. கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த எண் உதவும். ஆனால் ‘ஏழு’ என்று சொன்ன இருவரில் ஒருவருக்கு எலும்பு முறிந்திருக்கலாம், மற்றவருக்கு நரம்பு கெட்டிருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து இருவருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. எவ்வளவு வலிக்கிறது என்பதோடு எப்படி வலிக்கிறது என்பதையும் கவனிக்கப் பழகினால், டாக்டரின் வேலையும் சுலபம், நம் அலைச்சலும் குறையும்.

வலி உண்டாகும் விதம்

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை. முதலில் சுளீரென்று ஒரு வலி. அது அடங்குவதற்குள் விண்விண்ணென்று இன்னொரு வலி. அடி ஒன்றுதான், சேதி வரும் பாதைதான் இரண்டு. ஏ-டெல்டா என்ற நரம்பிழைகளுக்கு மேலே மெல்லிய உறை உண்டு. அவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதியைக் கொண்டுபோகும். உறை இல்லாத சி இழைகள் நொடிக்கு 2 மீட்டருக்குள்தான் ஊர்ந்து போகும். இரண்டும் முதுகுத்தண்டில் ஏறி மூளைக்குப் போன பிறகே நமக்கு ‘வலிக்கிறது’.

இடித்த விரலை உடனே பிடித்துத் தேய்த்துவிடுகிறோமே, அதிலும் விஷயம் இருக்கிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டிலேயே வலிச் சேதியைக் கொஞ்சம் தடுத்துவைக்கும் என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதில் பிறகு பல திருத்தங்கள் வந்தன, ஆனால் அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

மூளையும் சும்மா சேதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மேலிருந்து கீழே உத்தரவு அனுப்பி வலியைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அலகு குத்திக் காவடி எடுத்து நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாள்கணக்கில் விரதம், நேர்ந்துகொண்ட மனம், சுற்றிலும் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுக்கும் சொந்தபந்தம். கவனம் எங்கே இருக்கிறது, பயம் இருக்கிறதா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே குத்தலின் வலி மாறும். பக்தியை வெறும் மூளை வேலையாக்கிவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆள் அடுத்த மாதம் பல் பிடுங்கப் போய், ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தப் பயமும் அந்த வலியும் பொய்யில்லை.

இதனால்தான் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020ல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்பதைத் தக்கவைத்துக்கொண்டு, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. வீட்டில் ‘சும்மா சாக்குச் சொல்லாதே’ என்று பேசுகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

திசு வலி

நமக்கு நன்றாகத் தெரிந்த வலி இதுதான். வெட்டுக்காயம், சுளுக்கு, எலும்பு முறிவு, தீக்காயம், வீங்கிய பல் ஈறு, தேய்ந்த மூட்டு. திசு சேதப்படுகிறது, அங்குள்ள நரம்பு நுனிகள் சேதி அனுப்புகின்றன. தோல், தசை, எலும்பு என்றால் ஒரு விரலால் ‘இங்கதான்’ என்று தொட்டுக் காட்டலாம். அசைத்தால் கூடும், ஓய்வில் குறையும். பனடோலும் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளும் பெரும்பாலும் இதற்குத்தான் பயன்படும்.

உள்ளுறுப்பு வலி கொஞ்சம் ஏமாற்றும். குடல், பித்தப்பை, சிறுநீரகம் இவற்றின் வலியைச் சொல்ல வருகிறவர் விரலால் காட்டமாட்டார், உள்ளங்கையால் வயிறு முழுவதும் தடவிக் காட்டுவார். குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பித்தப்பைக் கல் வலது தோள்பட்டையில் வலிக்கலாம். இதய வலி இடது கையிலும் தாடையிலும் முதுகிலும் தெரியும். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையிலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே பகுதியில் போய்ச் சேருகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பிப் போகிறது, அவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு எல்லாம் ‘வாயு’. நெஞ்சை அமுக்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. ஓமத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். இது படுத்துப் பார்க்கும் வலி அல்ல. உடனே ஆம்புலன்சுக்கு 995ஐக் கூப்பிட வேண்டும். நீரிழிவுக்காரர்கள், பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், அசாத்தியக் களைப்பு என்று மட்டும்கூட மாரடைப்பு வரலாம்.

நரம்பு வலி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், நீரிழிவு கூட்டிவரும் வலியோ இந்த வகை.

திசு வலியில் நரம்பு சேதி கொண்டுவருகிறது. நரம்பு வலியில் நரம்பே பழுதாகிவிட்டது. காலில் காயமில்லை, வீக்கமில்லை, ஆனாலும் சேதி வந்துகொண்டே இருக்கிறது. எரிச்சல், ஊசி ஊசியாகக் குத்துவது, சட்டென்று கரன்ட் அடித்தது போல ஓர் இழுப்பு, மரமரப்பு, தரையில் நடந்தாலும் பஞ்சுமேல் நடப்பது போன்ற உணர்வு. பெரும்பாலும் ராத்திரியில் அதிகம்.

எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார், சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. பலதுறை மருந்தகத்தில் டாக்டர் கேட்டால் சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்” என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகள்தான் விடமாட்டார். “அத்தை, ராத்திரி போர்வை பட்டாலே கால் எரியுதுன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.” “அட, அதெல்லாம் ஒரு வலியா? டாக்டர் நேரத்தை எதுக்கு வீணாக்கணும்?” அந்தப் போர்வைதான் முக்கியமான தடயம். வலிக்கவே கூடாத ஒன்று, மெல்லிய துணி, ஃபேன் காற்று, இதெல்லாம் பட்டு வலித்தால் அது நரம்பு வலியின் அடையாளங்களில் ஒன்று. அன்று மருமகள் வாய் திறக்கவில்லை என்றால் பாட்டி இன்னொரு பனடோல் அட்டையோடு வீடு திரும்பியிருப்பார்.

நீரிழிவில் இதைவிடப் பெரிய ஆபத்து, வலி நின்றுபோவது. எரிச்சல் போய்விட்டது, மரத்துப்போய்விட்டது, ‘இப்போ பரவாயில்லை’ என்று நிம்மதியாக இருப்பார்கள். பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. மதிய வெயிலில் கோயில் வெளிப்பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்பளம் வந்தாலும் தெரியாது. புண் புரையோடிய பிறகு வாடை வந்துதான் வீட்டில் கண்டுபிடிப்பார்கள். இதற்குத்தான் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நைலான் நூல் போன்ற ஒரு மெல்லிய இழை. 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் வளைந்துவிடும். அதைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பட்டது தெரிகிறதா என்று சொல்லச் சொல்வார்கள். சில நிமிட வேலை. கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போகலாம். வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட வேண்டும். வெந்நீரில் கால் வைக்கும் முன் வேறு யாராவது கைவிட்டுச் சூடு பார்க்கட்டும்.

அக்கி இன்னொரு நரம்பு வலி. சின்ன வயதில் சின்னம்மை வந்துபோன பிறகு அந்தக் கிருமி நரம்பின் வேர்களில் ஒளிந்துகொண்டு, வயதான பிறகு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்பளமாக எழும். ஊரில் குயவரிடம் போய்ச் செம்மண்ணால் அக்கி எழுதிக்கொள்கிற வழக்கம் உண்டு. மனத்துக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்பளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கிருமியை அடக்கும் மாத்திரையை ஆரம்பிப்பதுதான் காரியம். கொப்பளம் காய்ந்து மாதங்கள் ஆகியும் அந்த இடம் எரிந்துகொண்டே இருப்பது சிலருக்கு உண்டு, வயது ஏற ஏற அதற்கான வாய்ப்பும் ஏறும். தடுப்பூசி இருக்கிறது, 60 வயது ஆனவர்கள் டாக்டரிடம் விசாரிக்கலாம்.

இடுப்பில் ஆரம்பித்துப் புட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை இழுக்கும் வலியும் நரம்பு சம்பந்தப்பட்டதுதான். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம்.

இவற்றில் விசித்திரமானது இல்லாத காலின் வலி. கால் எடுக்கப்பட்டவர், அந்தக் கால் விரல் குடைகிறது என்று சொல்வார். மனம் பேதலிக்கவில்லை. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். இறுகிக் கிடந்த ‘இல்லாத’ கை விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள், வலியும் குறைந்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மூளைக்குக் கண்ணாடி காட்டி வலியைக் குறைக்கலாம் என்பதே பெரிய விஷயம்.

நரம்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது காபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்றவை. வீட்டுக்கு வந்து பிள்ளைகள் தேடிப் பார்த்தால் ‘வலிப்பு நோய்க்கு’, ‘மனச்சோர்வுக்கு’ என்று வரும். “எனக்கென்ன பைத்தியமா?” என்று மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. பழுதான நரம்புகளின் கூச்சலை அடக்க இந்த மருந்துகள் உதவுகின்றன, அதனால்தான் கொடுக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

ஸ்கேனில் தெரியாத வலி

மூன்றாவது வகைக்குத் தனிப் பெயர் கிடைத்ததே 2017ல்தான்: நோசிபிளாஸ்டிக் வலி. திசுவில் சேதமில்லை, நரம்பிலும் பழுது தெரியவில்லை, ஆனாலும் வலி நிஜம். உடல் முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு நல்ல உதாரணம். நாள்பட்ட முதுகுவலியில் ஒரு பகுதியும் இதில் சேரும்.

புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கூரையில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். சமையலறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்துவிட்டால் சம்பல் வதக்கினாலே அலறும். அலறல் நிஜம், தீ இல்லை. இந்த வகை வலியிலும் அப்படித்தான்: முதுகுத்தண்டும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன, சாதாரணத் தொடுகையும் அசைவும் வலியாகப் பதிவாகின்றன.

இந்த நோயாளிகள் படும் பாட்டில் பாதி, யாரும் நம்பாததால் வருவது. ரத்தப் பரிசோதனை சரி, எக்ஸ்ரே சரி, எம்ஆர்ஐ சரி. ‘அப்புறம் என்ன, வேலைக்குப் போக வேண்டியதுதானே’ என்று மாமியார் கேட்பார், மேலாளர் கேட்பார், சில சமயம் டாக்டரின் முகமும் அதையே கேட்கும். இவர்களுக்குத் தூக்கத்தைச் சரிசெய்வது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் மாத்திரைக்குக் குறையாமல் பயன்படுகின்றன. வலி கற்பனை என்பதால் மனநல ஆலோசகரிடம் அனுப்பவில்லை. வலியைப் பெருக்கும் மூளையைப் பழக்குவதற்கு அனுப்புகிறார்கள்.

மூன்று மாதம் தாண்டினால்

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ நாள்பட்ட வலி என்கிறார்கள். புதிய வலி ‘கவனி, இங்கே சேதம்’ என்று எச்சரிக்கிறது. நாள்பட்ட வலியில் அந்த எச்சரிக்கையை அப்படியே நம்ப முடியாது. வலிக்கிறது என்பதாலேயே சேதம் கூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதுகுவலிக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘வட்டு தேய்மானம்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை தேய்வது) என்று பார்த்ததும் குனியப் பயம், நடக்கப் பயம், பேரப்பிள்ளையைத் தூக்கப் பயம். அசையாமல் கிடக்க, தசை இளைக்க, வலி கூட, இன்னும் பயம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. தலை நரைப்பதற்கு யாரும் படுத்துக் கிடப்பதில்லை அல்லவா? சாதாரண முதுகுவலிக்கு முடிந்தவரை நடமாடுவதுதான் இன்றைய ஆலோசனை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவை விதிவிலக்கு. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கமின்மை அடுத்த நாள் வலியைக் கூட்டும். எரிச்சலில் பிள்ளைகள்மேல் பாய்வார்கள், பிறகு அதற்காக வருந்துவார்கள். கல்யாணம், கோயில், உணவங்காடி என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள்.

கட்டுமானத் தளத்தில் வேலைபார்க்கும் தம்பிகளுக்கு இன்னொரு சுமை. முதுகு பிடித்துக்கொண்டாலும், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, ஏஜென்டுக்குக் கட்டிய கடன் என்ன ஆகும் என்ற பயம். “பரவாயில்லண்ணே, தைலம் போட்டிருக்கேன்” என்று சமாளிப்பார்கள். நேற்றைய சுளுக்கு இப்படித்தான் நாள்பட்ட வலியாகிறது. வேலையிடத்தில் அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்பு நாள்களுக்கான சம்பளமும் அதில் அடங்கும். அடிபட்ட அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, டாக்டரிடம் எப்படி அடிபட்டது என்பதையும் பதிவுசெய்யச் சொல்வது பிறகு உதவும்.

மறதி நோய் முற்றியவர்கள் வலியைச் சொல்லவே முடியாது. சாப்பிட மறுப்பது, முனகுவது, குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுவது, நெற்றி சுருங்குவது. பிடிவாதம் என்று நினைப்பதெல்லாம் சில சமயம் பல்வலியாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கும். தாதியர் மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களும் இந்த ஐந்தையும் கவனிக்கலாம்.

புற்றுநோய் வலியில் எல்லா வகையும் கலந்து வரும். கட்டி எலும்பை அரிக்கும், நரம்பையும் அமுக்கும். 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் அந்திமக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு பயம், பணக்கவலை, குடும்பத்தைப் பற்றிய தவிப்பு, ‘எனக்கேன்’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்றார். இங்கே அசிசி, டோவர் பார்க் போன்ற இல்லங்களும் வீட்டுக்கே வந்து பார்க்கும் குழுக்களும் அப்படித்தான் அணுகுகின்றன. மார்ஃபின் என்றதும் ‘கடைசிக் கட்டமா?’ என்று குடும்பம் கலங்கிப்போகும். சரியான அளவில் கொடுத்த மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து தருவார்கள். அப்பா இரண்டு வாய் கஞ்சி குடித்து நிம்மதியாகத் தூங்க அது வழிசெய்கிறது என்றால், பயந்து தள்ளிப்போடுவதில் யாருக்கும் லாபமில்லை.

டாக்டரிடம் போகும் முன்

பனடோல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. நீரிழிவுக்காரர் டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடக்கூடாது. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து தரும் ‘மூலிகை’ மாத்திரையில் மூட்டுவலி ஒரே நாளில் பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொருள்களில் ரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் உடம்பு குலைந்துபோகும்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கும் நேரம் குறைவு. முந்தின ராத்திரியே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது: எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது, எரிச்சலா குடைச்சலா அமுக்கமா, பகலா இரவா, எதனால் கூடுகிறது, துணி பட்டால் வலிக்கிறதா, மரத்துப்போகிறதா, தூக்கம் போகிறதா, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை. போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அந்த மூலிகை டப்பா உட்பட.